கலவரம் நடந்தால் யார் பொறுப்பு?

ஒரு ஊரில் கலவரம் நடக்கிறது. கடைகள் எரிகின்றன. உயிர்கள் போகின்றன. நாலைந்து நாளில் ஊர் அடங்குகிறது. பிறகு தலைவர்கள் வருகிறார்கள். "மக்கள் கோபத்தில் இருந்தார்கள். யாராலும் தடுக்க முடியவில்லை" என்கிறார் ஒருவர். "வெளியூர் ரவுடிகள் செய்த வேலை" என்கிறார் இன்னொருவர். "எதிர்க்கட்சியின் சதி" என்கிறார் மூன்றாமவர்.

புயலை யாரும் தடுக்க முடியாது. பூகம்பத்தையும் தடுக்க முடியாது. கலவரமும் அப்படித்தானா? கல்கத்தா, டெல்லி ஆகிய இரண்டு பெரிய நகரங்களில் நடந்ததைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

ஒரே நகரம், அடுத்தடுத்த இரண்டு ஆகஸ்ட் மாதங்கள்

அது 1946ஆம் ஆண்டு. வெள்ளையர் ஆட்சி முடியப்போகும் நேரம். வங்காள மாகாணத்தில் முஸ்லிம் லீக் ஆட்சி நடந்தது. முதலமைச்சராக இருந்தவர் ஹுசைன் சாஹித் சுஹ்ரவர்தி. பாகிஸ்தான் என்று தனி நாடு வேண்டும் என்று லீக் கேட்டது. அதற்காக ஆகஸ்ட் 16ஆம் தேதியை 'நேரடி நடவடிக்கை நாள்' என்று அறிவித்தது.

ஒரு கட்சி போராட்டம் அறிவிப்பது புதிதல்ல. ஆனால் கல்கத்தாவில் அந்தக் கட்சியின் அரசே அன்று பொது விடுமுறை விட்டது. கட்சி வேறு, அரசு வேறு என்பது அங்கே மறைந்துபோனது. கடையை அடைக்கச் சொன்னவர்களுக்கும் அடைக்க மறுத்தவர்களுக்கும் காலையிலேயே மோதல் தொடங்கியது. மாலையில் மைதானத்தில் பெரிய கூட்டம் நடந்தது. முதலமைச்சர் பேசினார். கூட்டம் கலைந்ததும் நகரம் எங்கும் கொள்ளையும் கொலையும் பரவின.

முதலில் ஒரு மதத்தார் அடித்தார்கள். பிறகு மற்ற மதத்தார் திருப்பி அடித்தார்கள். இரண்டு பக்கமும் ஏழைகள்தான் அதிகம் செத்தார்கள். சில நாள்களுக்குள் 4,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிட மிக அதிகம் என்று சொல்வோரும் உண்டு.

காவல்துறை முதலமைச்சரின் பொறுப்பில் இருந்தது. அவர் காவல்துறைக் கட்டுப்பாட்டு அறையிலேயே போய் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கொலைகள் நிற்கவில்லை. ராணுவத்தை அழைப்பதில் ஆங்கிலேய ஆளுநரும் தாமதம் செய்தார். கல்கத்தாவில் பற்றிய தீ அதோடு நிற்கவில்லை. அக்டோபரில் கிழக்கு வங்காளத்தின் நவகாளியில் இந்துக்கள் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பழி என்று சொல்லி பீகாரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பீகாரில் நடந்தது காங்கிரஸ் ஆட்சி.

ஓர் ஆண்டு கழிந்தது. 1947 ஆகஸ்ட். சுதந்திரம் வரப்போகிறது. கல்கத்தாவில் மறுபடியும் பதற்றம். காந்திக்கு அப்போது வயது 77. நவகாளிக்குப் போகும் வழியில் அவர் கல்கத்தாவில் தங்கினார். எங்களைக் காப்பாற்றுங்கள், இங்கேயே இருங்கள் என்று முஸ்லிம் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சுஹ்ரவர்தியும் கேட்டார். ஆட்சி அப்போது அவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

காந்தி ஒரு நிபந்தனை போட்டார். சுஹ்ரவர்தி தன்னோடு ஒரே கூரையின் கீழ் தங்க வேண்டும். காவலும் இருக்கக் கூடாது. இடம் பெலியாகட்டா என்ற ஏழைகள் பகுதி. வீடு ஹைதரி மன்ஸில் என்ற பாழடைந்த பழைய பங்களா. சுஹ்ரவர்தி ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் 13ஆம் தேதி இருவரும் அங்கே போனார்கள். கோபம் கொண்ட இளைஞர்கள் கூட்டமாக வந்து வீட்டைச் சூழ்ந்தார்கள். கல் எறிந்தார்கள். மறுநாள் இரவும் கூட்டம் வந்தது. போன ஆண்டு நடந்த கொலைகளுக்கு நீங்கள்தானே பொறுப்பு என்று ஒருவர் சுஹ்ரவர்தியைப் பார்த்துக் கேட்டார். எல்லோருக்குமே பொறுப்பு உண்டு என்றார் அவர். கூட்டம் விடவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்றது. ஆமாம், பொறுப்பு என்னுடையதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். காந்தி பக்கத்தில் நின்றார்.

கூட்டத்தின் கோபம் இறங்கியது. அடுத்த நாள் சுதந்திர தினம். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே லாரிகளில் ஏறி முழக்கமிட்டுக்கொண்டு கல்கத்தா தெருக்களில் வலம் வந்தார்கள். சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். அதை ஓர் ஆண்டுக்கு முன்பே, பதவியில் இருந்தபோதே சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

அந்த அமைதி இரண்டு வாரம்தான் இருந்தது. ஆகஸ்ட் 31 இரவு ஒரு கும்பல் காந்தி தங்கியிருந்த வீட்டையே தாக்கியது. மறுநாள் நகரில் மீண்டும் கொலைகள் நடந்தன. அமைதிக்காகத் தெருவில் இறங்கிய சச்சின் மித்ரா, ஸ்மிருதீஷ் பானர்ஜி ஆகியோரும் அந்த நாள்களில் உயிர் இழந்தார்கள்.

செப்டம்பர் 1ஆம் தேதி காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். மேற்கு வங்காளத்தின் ஆளுநராக இருந்தவர் ராஜாஜி. அவர் அன்று இரவே ஓடிவந்தார். ரவுடிகளை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்து என்ன பயன் என்று கேட்டார். ரவுடிகளுக்குப் பின்னால் இருப்பவர்களின் மனத்தைத் தொடுவதுதான் தன் நோக்கம் என்று காந்தி பதில் சொன்னார். கலவரத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கத்தி பிடித்த கை ஒன்று. அந்தக் கையை ஏவிய ஆள் வேறொருவர்.

பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியத் தலைவர்கள் ஒன்றாக வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இனி இந்த நகரில் கலவரம் நடக்க விடமாட்டோம், உயிரைக் கொடுத்தும் தடுப்போம் என்பதே அதில் இருந்த வாசகம். இளைஞர்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். செப்டம்பர் 4 இரவு காந்தி பழச்சாறு குடித்தார். 73 மணி நேர உண்ணாவிரதம் முடிந்தது. அதே நாள்களில் பஞ்சாபில் பல்லாயிரம் ராணுவ வீரர்கள் இருந்தும் கொலைகளை நிறுத்த முடியவில்லை.

ஒரே செய்தி, இரண்டு நகரங்கள்

காந்தியைப் போல ஒருவர் எல்லா ஊருக்கும் கிடைப்பாரா என்று கேட்கலாம். கிடைக்க மாட்டார்தான். சுதந்திர நாட்டில் அதற்கு அவசியமும் இல்லை. தேர்ந்தெடுத்த அரசு இருக்கிறது. சட்டம் இருக்கிறது. சம்பளம் வாங்கும் காவல்துறை இருக்கிறது. அவை வேலை செய்தால் போதும். வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1984இல் டெல்லி பார்த்தது.

1984 அக்டோபர் 31 காலை. பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய மெய்க்காவலர்கள் இருவரே சுட்டுக் கொன்றார்கள். இருவரும் சீக்கியர்கள். அன்று மாலை ராஜீவ் காந்தி பிரதமர் ஆனார். நாடு முழுவதும் துக்கத்தில் மூழ்கியது.

அன்று மாலையே டெல்லியில் சீக்கியர்களைத் தாக்கத் தொடங்கினார்கள். நவம்பர் 1, 2, 3 ஆகிய நாள்களில் திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி போன்ற பகுதிகளில் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். இவை எல்லாம் உழைப்பாளிகள் வாழும் பகுதிகள். ஆண்களைத் தேடித் தேடி உயிரோடு எரித்தார்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சீக்கியர் வீடுகளை அடையாளம் கண்டார்கள் என்று தப்பிப் பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். ஓட்டுப் போடுவதற்காகப் பெயர் கொடுத்த பட்டியல் அது.

கோபம் கொண்ட மக்களுக்கு ஒரே இரவில் இவ்வளவு மண்ணெண்ணெய் எங்கிருந்து கிடைத்தது? பட்டியல் எப்படிக் கிடைத்தது? காவலர்கள் ஏன் பார்த்துக்கொண்டு நின்றார்கள்? சில இடங்களில் தற்காப்புக்காக நின்ற சீக்கியர்களிடம் இருந்த ஆயுதங்களைத்தான் காவலர்கள் முதலில் பறித்தார்கள்.

டெல்லியின் காவல்துறை மத்திய அரசின் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தது. உள்துறை அமைச்சராக இருந்தவர் பி.வி. நரசிம்ம ராவ். பிரதமர், குடியரசுத் தலைவர், ராணுவத் தளபதி எல்லோரும் இருக்கும் ஊர் அது. உள்ளூரிலேயே ராணுவ முகாம் உண்டு. அப்படியும் ராணுவம் முழுமையாகத் தெருவுக்கு வந்து கலவரம் அடங்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். இது அரசே பின்னர் ஒப்புக்கொண்ட கணக்கு.

அதே செய்தி அதே நாளில் கல்கத்தாவுக்கும் போனது. அங்கும் ஏராளமான சீக்கியர்கள் வாழ்ந்தார்கள். டாக்ஸி ஓட்டுபவர்கள் பலர். அங்கும் சில இடங்களில் டாக்ஸிகளையும் கடைகளையும் தாக்கினார்கள். ஆனால் அங்கே அரசு காத்திருக்கவில்லை. முதலமைச்சர் ஜோதி பாசுவின் இடது முன்னணி அரசு காவல்துறையை உடனே இறக்கியது. ராணுவத்தையும் தாமதம் இல்லாமல் அழைத்தது. டெல்லியைப் போன்ற படுகொலை அங்கே நடக்கவில்லை.

மக்களின் துக்கம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ரவுடிகளும் இரண்டு ஊரிலும் இருந்தார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் செய்தது மட்டும்தான் வேறு.

நவம்பர் 19ஆம் தேதி டெல்லியில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. ஒரு பெரிய மரம் சாயும்போது சுற்றியுள்ள நிலம் கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்று பிரதமர் ராஜீவ் காந்தி அதில் பேசினார். தாயை இழந்த மகனின் வேதனை பெரிதுதான். ஆனால் அந்த மேடையில் அவர் மகனாக மட்டும் நிற்கவில்லை. செத்தவர்களுக்கும் அவரே பிரதமர். மரம் விழுந்தால் நிலம் தானாக அதிரும். மண்ணெண்ணெய் தானாக ஊற்றிக்கொள்ளாது. அடுத்த மாதம் பொதுத்தேர்தல் வந்தது. அவருடைய கட்சி 400க்கும் மேற்பட்ட இடங்களில் வென்றது.

விசாரணையும் மன்னிப்பும்

கலவரம் முடிந்தால் விசாரணைக் கமிஷன் வரும். கமிஷன் என்றால் ஒரு நீதிபதி தலைமையில் உண்மையைக் கண்டறியும் குழு. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி இதை அரசு அமைக்கிறது. கமிஷன் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. அறிக்கை மட்டுமே கொடுக்கும். அதை ஏற்பதும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதும் அரசின் விருப்பம்.

டெல்லிக் கலவரத்துக்கு 1985இல் மிஸ்ரா கமிஷன் அமைந்தது. வேறு பல குழுக்களும் வந்தன. அவற்றில் ஒரு குழு தவறு செய்த 72 காவல்துறையினரைப் பெயர் சொல்லிக் காட்டியது. 2000இல் நானாவதி கமிஷன் வந்தது. அதன் அறிக்கை 2005இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. காங்கிரஸ் தலைவர்கள் சிலருக்கு எதிராக நம்பத்தக்க சாட்சிகள் இருப்பதாக அது சொன்னது. மத்திய அமைச்சர் ஜெகதீஷ் டைட்லர் பதவி விலகினார். 2005 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் பேசினார். வெட்கத்தால் தலை குனிவதாகச் சொன்னார். சீக்கியர்களிடம் மட்டும் அல்ல, நாட்டு மக்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவரும் ஒரு சீக்கியர். அரசின் சார்பில் அந்த வார்த்தையைச் சொல்ல 21 ஆண்டுகள் ஆயின.

நீதிமன்றம் இன்னும் மெதுவாக நடந்தது. சஜ்ஜன் குமார் 1984இல் ஆளும் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஐந்து பேரைக் கொன்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பர் 17ஆம் தேதி அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குற்றவாளிகளுக்கு அரசியல் ஆதரவு இருந்தது, சட்டத்தைக் காக்க வேண்டியவர்களும் கண்டுகொள்ளவில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். 2025 பிப்ரவரியில் இன்னொரு வழக்கிலும் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1984க்கும் 2018க்கும் நடுவே அவர் இரண்டு முறை அதே டெல்லியில் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். இதற்குத் தலைவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஒரு கட்சியின் கதை மட்டும் அல்ல இது. 1989இல் பாகல்பூர், 1992-93இல் பம்பாய், 2002இல் குஜராத், 2013இல் முசாபர்நகர், 2023இல் மணிப்பூர் என்று பட்டியல் நீளும். வெவ்வேறு கட்சிகள் ஆண்ட இடங்கள் இவை. பம்பாயில் 900 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா 1998இல் அறிக்கை கொடுத்தார். கலவரத்தைத் தூண்டி நடத்தியதாகச் சிவசேனைத் தலைவர்களைக் குற்றம் சொன்னார். முடிவெடுக்கத் தயங்கிய காங்கிரஸ் அரசையும் விடவில்லை. அறிக்கை வந்தபோது ஆண்டது சிவசேனை-பாரதிய ஜனதா கூட்டணி. அது அறிக்கையை ஏற்கவில்லை. மணிப்பூரில் 2023 மே மாதம் கலவரம் தொடங்கியது. 2024 டிசம்பர் 31 அன்றுதான் முதலமைச்சர் பிரேன் சிங் மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரியில் பதவி விலகினார்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டப்படி பொது அமைதி மாநில அரசின் பொறுப்பு. ஊரில் அமைதி கெட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் முதலமைச்சர். டெல்லி போன்ற இடங்களில் மட்டும் மத்திய அரசு பதில் சொல்ல வேண்டும். காவல்துறையால் முடியாதபோது மாவட்ட ஆட்சியரே ராணுவத்தின் உதவியைக் கேட்கலாம். தலைநகரிலிருந்து உத்தரவு வரவில்லை என்று அவர் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. நடைமுறையில் பல ஆட்சியர்கள் தொலைபேசி மணி அடிக்கக் காத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

மதம், சாதி, மொழி, இனம் ஆகியவற்றைச் சொல்லிப் பகையை வளர்ப்பது குற்றம். மேடையில் பேசினாலும் குற்றம். எழுதி அச்சடித்தாலும் குற்றம். முன்பு இது 153ஏ என்ற பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 196ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இதில் தண்டனை பெற்றவர் குறிப்பிட்ட காலம் தேர்தலில் நிற்க முடியாது. ஒரு வேட்பாளர் இப்படிப் பகை வளர்த்து ஓட்டு வாங்கியிருந்தால் அவருடைய வெற்றியையே உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம்.

சட்டம் இவ்வளவு இருந்தும் தலைவர்கள் சிறைக்குப் போவது ஏன் அபூர்வம்? இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பகை வளர்த்த குற்றத்துக்கு ஒருவர் மீது நீதிமன்றத்தில் வழக்கு நடக்க வேண்டுமானால் அரசு முன்கூட்டியே அனுமதி கொடுக்க வேண்டும். பேசியவர் ஆளும் கட்சிக்காரர் என்றால் அனுமதி எப்போது வரும்? எதிர்க்கட்சிக்காரர் என்றால்கூட நாளைய கூட்டணிக்கு வேண்டும் என்று கோப்பை ஓரமாக வைக்கலாம். சாவியும் அவர்களிடம், பூட்டும் அவர்களிடம்.

பிவண்டியில் செய்தது

இருந்தாலும் பதவியில் இருப்பவர் மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிராவின் பிவண்டி சாட்சி. பம்பாய்க்குப் பக்கத்தில் இருக்கும் விசைத்தறி ஊர் அது. 1970இலும் 1984இலும் அங்கே கடுமையான கலவரங்கள் நடந்தன. 1988இல் சுரேஷ் கோப்டே என்பவர் அங்கே காவல்துறை துணை ஆணையராக வந்தார். அவர் துப்பாக்கியைக் கூட்டவில்லை. பகுதிதோறும் மொகல்லா கமிட்டி அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். அந்தப் பகுதியின் காவலரும் இருந்தார். அடிக்கடி ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். குழாயடிச் சண்டை, கடைத் தகராறு எல்லாம் அங்கேயே தீர்ந்தன. வதந்தி வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1992-93இல் பம்பாய் எரிந்தது. பிவண்டி அமைதியாக இருந்தது.

ஓர் அதிகாரியால் ஓர் ஊரில் இது முடிந்தது. ஒரு முதலமைச்சரின் கையில் இருப்பது மாநிலத்தின் மொத்தக் காவல்துறை.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் செய்யக்கூடியது

தாக்குதலைக் கண்ணால் பார்த்தவரோ பாதிக்கப்பட்டவரோ காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அதை முதல் தகவல் அறிக்கை என்ற தாளில் எழுதுவார்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். தாக்கியவர் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெல்லியில் தலைவர்களின் பெயரைக் காவலர்கள் எழுத மறுத்தார்கள் என்று பலர் பின்னர் சாட்சி சொன்னார்கள். வழக்குகள் நொண்டியதற்கு அது ஒரு காரணம். புகார் கொடுத்தவருக்கு ஒரு பிரதியை இலவசமாகத் தர வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல்துறைக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் குற்றவியல் நீதிபதியிடம் போகலாம்.

பெரும்பாலான கலவரங்களுக்கு முன்னால் ஒரு வதந்தி நடக்கும். முன்பு அது துண்டு நோட்டீஸாக வந்தது. இப்போது கைபேசியிலும் வருகிறது. இன்ன ஊரில் நம்மவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று இருக்கும். எந்தத் தெரு, எந்த நாள், யார் பார்த்தது என்று இருக்காது. தேர்தல் நேரத்து நோட்டீஸ் என்றால் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்வது. அவை பெரும்பாலும் தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் அந்த நோட்டீஸைத் தேர்தல் அதிகாரியிடமோ காவல் நிலையத்திலோ கொடுத்து, இதை அடித்தவர் யார் என்று கேட்கலாம்.